சூட்டுப் பக்கம்

லொரெய்ன், அவள் மகன் கீரன், சுவரோரம் ஒரு காவலர், ஆறிக்கொண்டிருந்த இரண்டு கோப்பைத் தேநீர். சிறையின் பார்வையாளர் கூடத்தில், பதினேழாம் எண் மேசையில் அவ்வளவுதான்.

கீரன் கைதிகளுக்கான ஆரஞ்சுப் பட்டையை மாட்டியிருந்தான். நாற்காலியை விட்டு எழக்கூடாது.

எப்போதும்போலத்தான் ஆரம்பித்தான்.

"சூட்டுப் பக்கம் எவ்வளவும்மா?"

"முப்பத்திரண்டு."

"குளிர் பக்கம்?"

"இருபத்தாறு. ராத்திரியும் இறங்கல."

தலையாட்டினான்.

நார்மன் அவன் வளர்த்த மலைப்பாம்பு. நாலடி நீளம். தீர்ப்புக்கு முந்தைய நாள் முழுக்க கீரன் அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். கண்ணாடித் தொட்டியில் ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளிர். எங்கே கிடப்பது என்று பாம்பு பார்த்துக்கொள்ளும். உள்ளே கிடக்கும் கம்பி முனை சூட்டை அளக்கும். அது சொல்கிறபடி ஹீட்டர் எரியும், அணையும். தீனியைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. சூடுதான் முக்கியம் என்றான்.

அவன் செய்த காரியத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. வேறு எதைப் பற்றியும் பேச வரவில்லை. இந்த எண்கள் இருந்தன.

முதல் மாதம் யாரையும் பார்க்கமாட்டேன் என்று கிடந்தவன். நார்மனுக்காகத்தான் இறங்கி வருகிறான் என்று லொரெய்ன் நம்பினாள். அதற்கு ஏதாவது ஆனது தெரிந்தால் இந்த மேசைக்கு வரமாட்டான்.

ஏதாவது ஆகித்தான் இருந்தது.

ஜனவரிக் கடைசி ஞாயிறு, தொட்டியைத் துடைக்கும்போது கம்பி முனையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். திரும்பப் போட மறந்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வட இங்கிலாந்தில், சண்டர்லாந்தின் ஜனவரி. ஜன்னலோரம் ஐந்து டிகிரி. தொட்டிதான் குளிர்கிறது என்று ஹீட்டர் எடுத்துக்கொண்டது. நாள் முழுக்க எரிந்தது.

சாயங்காலம் நார்மன் குளிர் பக்க மூலையில், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக் கிடந்தான். கிண்ணத்தில் தண்ணீர் இல்லை.

தோட்டத்தில் புதைத்தாள். முனையை அதன் இடத்தில் திரும்ப வைத்தாள். ஹீட்டரை அணைக்கவில்லை. எண்ணாவது பொய்யாக இருக்கக்கூடாது. தினமும் காலையில் காலித் தொட்டியின் முன் குனிந்து படித்துவிட்டு, பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலைக்குப் போனாள்.

இப்போது மார்ச். கீரன் அடுத்ததைக் கேட்டான்.

"சாப்பிட்டானா?"

"புதன்கிழமை ஒரு எலி. ஒரே முழுங்கு."

"உப்பு பாத்துப் போட்டியா? உன் ஸ்கூல் கேண்டீன்ல பசங்களே தொட மாட்டானுங்களே."

"போடா."

சிரித்தான். பிறகு கோப்பையை மேசைமேல் ஒரு சுற்றுச் சுற்றினான். காவலர் வேறு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பனிக்காலத்துல அவன் சாப்பிட மாட்டான். நவம்பர்ல வாய மூடினா ஏப்ரல்தான். அஞ்சு வருஷமா அப்படித்தான்."

லொரெய்ன் தேநீரைப் பார்த்தாள். ஜனவரியில் அவள் வைத்த ஒரே எலியை நார்மன் தொடவில்லை. தன் கை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

இன்றோடு எட்டு முறை வந்திருக்கிறாள். எட்டு முறையும் சாப்பிட்டான் என்றுதான் சொன்னாள். எட்டு முறையும் கீரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"கீரன்..."

"சாப்பிட்டான்னு ஏப்ரல்ல சொல்லு. இப்ப சொன்னா சரியா வராது."

மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. காவலர் வந்து அவன் தோளருகே நின்றார்.

கீரன் எழுந்து பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஹீட்டர நிறுத்திராதம்மா. அடுத்த வாரமும் கேப்பேன்."

போனான். அவனுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.