பெரிய கிராபிக்ஸ்

“லேப்டாப் பேட்டரி மிச்சமாகட்டும்னு லினக்ஸ்ல தினமும் சின்ன கிராபிக்ஸ் கார்டுக்கு மாத்தி வச்சிட்டுத் தூங்குறேன். காலையில பார்த்தா கேமுக்கான பெரிய கார்டு ஓடுது, பேட்டரி காலி. நேத்து மீட்டிங் நடுவுல லேப்டாப் அணைஞ்சுபோச்சு. உங்களால பிள்ளைக்கு ஒரு உதவி கிடையாது, விடிய விடிய கேம்.”

ஒரு வாரமாக ஸ்கூடாய் நகரில் விடாமல் பெய்யும் மழையையும் மீறி, தர்மினியின் குரல் பக்கத்து வீடுவரை கேட்டது.

“சத்தியமா கேம் விளையாடல லா,” என்றான் கணவன் தேவானந்தன்.

“பொய் வேற. நேத்தே பாஸ்வர்ட மாத்திட்டேன். இனி தொட முடியாது.”

அப்போது மகள், தண்ணீர் சொட்டும் வெள்ளைச் சப்பாத்துகளோடு வந்தாள்.

“அப்பா, ஸ்கூல் சப்பாத்து இன்னைக்கு மட்டும் ஏன் காயல? லேப்டாப் காத்தாடி விடுற சூட்டுகிட்ட வைக்கலயா?”

“வச்சேன்மா. பெரிய கார்ட போட முடியல. லேப்டாப் சூடாகவே இல்ல.”