கடைச் சோறு

சடையங்குப்பத்தில் தாலி கட்டி ராயபுரத்துக்குக் கூட்டிவந்த ஆறு நாளாய்க் கோதண்டம் வேம்புவை அடுப்பைத் தொடவே விடவில்லை. புதுப்பெண்ணுக்குக் கண்ணு படும் என்று ஜன்னலையும் திறக்க விடவில்லை. அவளுக்கு மூச்சு முட்டியது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஆப்பமும் வறுத்த மீனும் அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கி வந்தான். இருவரும் ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"நாளைக்காவது நான் கொயம்பு வெக்கறேன்யா. மூலையில வெறகு கீதே."

"அது மழையில நனஞ்ச வெறகு, கண்ணு. பொகையில நீ இன்னாத்துக்குக் கஷ்டப்படணும்?" என்று அல்வாவை ஊட்டிவிட்டான்.

வாசலில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாவின் குரல் கேட்டது. கோதண்டம் பாய்ந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இன்னா நைனா, பொண்டாட்டி பிரசவத்துக்குப் போனதுலேர்ந்து உன் வூட்ல பொகையே காணோமே! இன்னிக்கும் கடச்சோறுதானா?"

"இன்னா பண்றது அக்கா, ஒண்டியா கீறேனே!"

உள்ளே வேம்பு வாயிலிருந்த அல்வாவைத் துப்பினாள். அடுப்பில் வறட்டியைக் கொளுத்தினாள். மூலையில் கிடந்த விறகில் நன்றாக நனைந்ததாகப் பார்த்துப் பொறுக்கி அதன்மேல் அடுக்கிவிட்டு, ஊதாங்குழலைக் கையில் எடுத்தாள்.