இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்

மகளின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்காக நானும் சம்பந்தியும் ஏறிய லிஃப்ட், மண்டபத்தின் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. காத்திருந்த நேரத்தில், "மூத்த பையன் வரலீங்களா?" என்று அவர் கேட்டார்.

"சிங்கப்பூர்ல தமிழ்ப் புரொஃபசருங்க. லீவு கெடைக்கல."

எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக எல்லோரும் ஆசிரியர்கள். கல்லூரி வேலையை உதறிவிட்டு நாற்பது வயதில் லிஃப்ட் ரிப்பேர் படிக்கப் போன அந்த மூத்தவனை, தங்கையின் விசேஷத்துக்கு வரக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

தலைக்கு மேலே கதவு திறந்தது. கம்பெனிச் சீருடையில் குனிந்து பார்த்தவன் அவனேதான். முதலில் சம்பந்தியை மேலே தூக்கிவிட்டான்.

"நல்ல சமயத்துல வந்தீங்க தம்பி, நேரம் தப்பியிருக்கும். உங்கப்பா என்ன பண்றாருங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டிலிருந்த வெற்றிலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அப்பா இல்லீங்க" என்றான்.

பிறகு கிரீஸ் கைகளைத் தன் சட்டையிலேயே அழுந்தத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் என்னை நோக்கி நீட்டினான்.

"தட்ட மொதல்ல குடுங்கய்யா."

தங்கையின் நிச்சயத் தட்டை அவன் கையில் கொடுக்காமல் என்னால் மேலே ஏற முடியாது.