பரீட்சை ஹாலில் ஒரு ஆட்டம்

"மேடம், அந்தக் கணக்கு வாத்தியாரை உடனே வெளியே அனுப்புங்க!"

பெற்றோர் சங்கத் தலைவர் மூச்சிரைக்கத் தலைமையாசிரியையின் அறைக்குள் வந்து நின்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"முழுப் பரீட்சை நடக்குது. என் பொண்ணு உள்ள எழுதிட்டிருக்கா. அந்த ஆளு மேடையில நின்னு டான்ஸ் ஆடறாரு!"

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரே 'சிலை'. அவர் சிரித்துக்கூட யாரும் பார்த்ததில்லை. அவராவது, ஆடுவதாவது!

"வேற யாரையாவது பார்த்திருப்பீங்க சார்."

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் மேடம், கதவுக் கண்ணாடி வழியா! குதிக்கறாரு, சுத்தறாரு. குடிச்சிருக்காரோ என்னவோ! இதுல மார்க் குறைஞ்சா என் பொண்ணோட மேல்படிப்பு போச்சு. மேலிடத்துக்கு எழுதி அந்த ஆளு வேலையைக் காலி பண்ணாம விடமாட்டேன்!"

இரண்டு பேரும் ஓடினார்கள்.

அரசாங்கப் பணத்தில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டிய புத்தம்புது ஹால். ஏசி, வழவழ தரை, சுவர் அகலத்துக்குத் திரை. போன வாரம்தான் திறந்தார்கள். அதில் நடக்கிற முதல் பரீட்சையே இதுதான்.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார்.

சிலை ஆடிக்கொண்டிருந்தது! சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, இரண்டு கையும் தலைக்கு மேலே. கொடுமை என்னவென்றால், ஒரு பிள்ளைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை கதவைத் தள்ளித் திறந்தார். "சார்! நிறுத்துங்க!"

"மேடம், நிறுத்தினா..."

"வாயைத் திறக்காதீங்க! அசையாம நில்லுங்க!" என்று பாய்ந்தார் தலைவர்.

வாத்தியார் அசையாமல் நின்றார்.

கொஞ்ச நேரம்தான். ஹால் முழுக்கக் கும்மிருட்டு.

"ஐயோ, சார்!" என்று பிள்ளைகள் அலறினார்கள். நடுவில் தலைவரின் மகள் குரல்: "ஏன்ப்பா இங்க வந்தீங்க? கடைசிக் கணக்கு பாதியில நிக்குதுப்பா!"

வாத்தியார் எகிறிக் குதித்தார். வெளிச்சம் வந்தது.

"மேடைக்கு மேல என்னவோ கருவி மாட்டியிருக்காங்க மேடம். ஆள் அசையலைன்னா விளக்கு தானா அணைஞ்சிடுது. பிள்ளைங்க எழுதற அசைவு அதுக்குப் போதலை. நடந்து பார்த்தேன், அதுக்கும் மசியலை. ஆடினாத்தான் எரியுது. பிள்ளைங்களை விட்டுட்டு வந்து சொல்லவும் முடியலை."

சொல்லும்போதே கால் பிடித்துக்கொண்டது. "அம்மாடி!" என்று கெண்டைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார், பாவம்.

தலைவருக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. "ஜன்னலே இல்லாத ஹாலுக்கு இப்படி ஒரு விளக்கா? எந்த அறிவுகெட்டவன் மேடம் இதைக் கேட்டு வாங்கினான்?"

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதான் சார். ஜன்னல் வெச்சா பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும், ஜனங்க வரிப்பணத்துல கரண்ட் வீணாகக் கூடாதுன்னு கட்டடக் கமிட்டியில மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினீங்களே!"

விளக்கு மறுபடியும் அணைந்தது.

"அப்பா!"

தலைவர் இருட்டில் தட்டுத் தடுமாறி மேடையேறினார். மணி அடிக்கும்வரை அவர் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.