சண்முகையா சொல்லச் சொல்ல எழுதிய மனு

"வேலை நடக்கலைன்னா சம்பளம் கிடையாதாம். இது நியாயமாங்க?"

ஜெயசித்ரா கேட்டதுதான் தாமதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் சண்முகையா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"யாருட்டி சொன்னா? உங்க தாளாளரா?"

தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான ஜெயசித்ரா, ஒரு முழுத்தாளை அட்டையில் செருகிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு மனு எழுதணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுதேன்."

சண்முகையாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, தெருக்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். சங்கரன்கோவில் நகராட்சி ஆபீசில் 'மனு சண்முகையா' என்றால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுவார்கள். ஊரடங்கு வந்து ஒரு மாதம். தறிச் சத்தம் அடங்கி, டீக்கடையும் பூட்டி, நாலு நியாயம் பேச ஆளில்லாமல் மனிதர் வாய் நமநமத்துப் போயிருந்தார்.

"எழுது. மதிப்பிற்குரிய ஐயா. ஊரடங்கு நாங்கள் கேட்டு வந்ததல்ல..."

"அவருக்கும் வேலை நடக்கலையே? நடக்காத வேலைக்கு எப்படிச் சம்பளம்னு கேக்காரு."

"கேப்பாரு, கேப்பாரு. வேலைக்கு வரமாட்டேன்னு யாராவது சொன்னாகளா? ரோட்டுல கால வச்சா போலீஸ்காரன் லத்திய ஓங்குதான். வாசலப் பூட்டிப்புட்டு ஏன் உள்ள வரலைன்னு கேட்டா என்ன அர்த்தம்? அதை அப்படியே போடு."

பேனா வேகமாக ஓடியது.

"வருமானம் நின்னுபோச்சுன்னு சொல்லுதாரு."

"ஒரு மாசந்தான நின்னுருக்கு? பத்து வருஷமா உங்க உழைப்புல வந்த லாபம் எங்க போச்சு? அந்த லாபத்துல பங்கு கேட்டீகளா? இல்லைல்லா? அப்ப நட்டத்துல மட்டும் என்னத்துக்குப் பங்கு குடுக்காரு?"

"ஆகா!" என்றாள் ஜெயசித்ரா. "ரேஷன்ல அரிசியும் ஆயிரம் ரூவாயும் குடுக்காகளே, அது போதாதான்னு கேட்டாராம்."

"அது அரசாங்கம் குடுக்குது. இவரு வீட்டுல இருந்தா குடுக்காரு? வீட்டு வாடகை, கேஸு, மாத்திரைன்னு எத்தனை இருக்கு? அந்த அரிசியையே ஒரு மாசம் இவரு பொங்கித் தின்னு பாக்கட்டும்."

"அதையும் எழுதவா?"

"கொஞ்சம் மரியாதையா எழுது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பேங்க்ல லோன் இருக்காம். அதுக்கே தவணை கட்ட முடியலையாம்."

இந்த இடத்தில் சண்முகையா லேசாகத் தடுமாறினார். மோட்டுவளையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஆனால் பேச்சு என்று வந்துவிட்டால் அவர் பின்வாங்குகிற ஆளா?

"லோனுக்கு பேங்க்காரனே மூணு மாசம் பொறுக்கேன்னுட்டான். வயிறு பொறுக்குமா? முழுசா முடியலைன்னா பாதியாவது குடுக்கட்டும். கையை விரிச்சா எப்படி? எழுது: ஐயா, இயந்திரம் ஓடாவிட்டால் துணியைப் போட்டு மூடி வைக்கலாம். மனிதரை எதைப் போட்டு மூடி வைப்பது?"

சொல்லி முடித்ததும் அவருக்கே சிலிர்த்தது. ஜெயசித்ராவும் பேனாவை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். கல்யாணம் பேசி முடித்த நாளில் பார்த்தாளே, அந்த மாதிரிப் பார்வை.

"முடிவுல, ஒரு வாரத்துல நல்ல பதில் வரலைன்னா தென்காசிக்குப் போயி கலெக்டர்ட்ட மனுக் குடுப்போம்னு போடு."

"நெசமாவே போடவா? பின்னால எதும் வம்பு வராதுல்லா?"

"பயப்படாத எழுதுட்டி. நான் பக்கத்துல இருக்கேன்லா?"

"அந்தத் தைரியத்துலதான் எழுதுதேன்," என்றாள் அவள். தாளின் மேல் பக்கம் விட்டிருந்த இடத்தில் நாலு வரிகளை எழுதி நீட்டினாள். "ஒருக்கா படிச்சுப் பாருங்க."

சண்முகையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேடையில் படிப்பது போலச் சத்தமாகத் தொடங்கினார்.

"அனுப்புநர், முத்துமாரி மற்றும் ஏழு தொழிலாளர்கள்..." நிமிர்ந்தார். "உன் பேரு எங்கட்டி?"

"எனக்கு என்னத்துக்கு? எங்க ஸ்கூல்ல போன வாரமே சம்பளத்தை பேங்க்ல போட்டுட்டாக. பாவம், முத்துமாரிக்கு எழுத வராதுன்னு என்கிட்டக் கேட்டா. அவ முதலாளி போன்ல சொன்னதைத்தான் ஒண்ணு விடாம உங்ககிட்ட ஒப்பிச்சேன். மேல படிங்க."

சண்முகையா படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

'பெறுநர்: திரு. சண்முகையா அவர்கள், விசைத்தறிக்கூட உரிமையாளர், சங்கரன்கோவில்.'

ஜெயசித்ரா இன்னொரு தாளை எடுத்து அட்டையில் செருகினாள்.

"பதிலையும் நீங்களே சொல்லிருங்க. எழுதுதேன்."