அவசரத்துக்கு வைத்த குழம்பு

ஃப்ரீசருக்குள் ஒரு டப்பா பூண்டுக் குழம்பு இருந்தது. வேலை நாளில் உதவுமென்று ஞாயிற்றுக்கிழமையே அதைச் சமைத்த செண்பகவல்லி, மூடியில் 'அவசரத்துக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டுக் களைத்து வந்தவள் ஃப்ரீசரைத் திறந்தாள். "இன்னிக்கு நான்தான்!" என்றது குழம்பு.

அவளுக்கு அது கேட்கவில்லை. "இதைவிட மோசமான நாள் ஒண்ணு வரும், அப்ப எடுத்துக்கலாம்" என்று மூடிவிட்டு, உப்புமா கிண்டினாள்.

செவ்வாயும் உப்புமா. புதனும் அதேதான்.

"என்கிட்ட ஏதாவது குறையா?" என்று குழம்பு பக்கத்திலிருந்த ஐஸ் தட்டைக் கேட்டது.

"குறை இருந்தா உன்னை என்னைக்கோ தின்னு தீர்த்திருப்பா. நீ நல்லா வந்துட்டே, அதான் வினை" என்றது ஐஸ் தட்டு.

வியாழக்கிழமை செண்பகவல்லிக்குக் கடும் காய்ச்சல். படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. இந்தமுறை ஃப்ரீசரைத் திறந்தது அவள் கணவன். டப்பாவைக் கையில் எடுத்தான். குழம்புக்கு அப்போதே பாதி உருகிவிட்டதுபோல் இருந்தது.

அவன் மூடியில் இருந்ததைப் படித்தான். டப்பாவைப் பத்திரமாகத் திரும்ப வைத்தான்.

"செண்பா, நீ அவசரத்துக்குன்னு வெச்சதை நான் தொடலை" என்று குரல் கொடுத்தான். "ரவை எங்க இருக்கு?"