ஏழாவது இருக்கை

அவர் பல் செட் செய்யும் டெக்னீஷியன். மீதி நேரத்தில், குண்டுவீச்சு விமானங்களின் சிறிய மாடல்களுக்குள் ஒட்டுகிற ரெசின் இருக்கைகளை வார்த்து விற்பார். அப்போது வார்த்துக்கொண்டிருந்தது ஆறு பேர் செல்லும் ஒரு விமானத்துக்கு. ரப்பர் அச்சிலும் ஆறு குழிகள்தான்.

அன்று மதியம் அச்சைப் பிரித்தபோது ஏழு இருக்கைகள் வந்தன. ஏழாவதில் மட்டும் பெல்ட் அவிழ்ந்து கிடந்தது.

“தூக்கக் கலக்கத்துல ஒண்ணு கூடுதலா செதுக்கிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“அச்சுல ஆறு குழிதான் இருக்கு. நீயே எண்ணிப் பாரு.”

மூன்று முறை எண்ணினாள். ஆறுதான். தூக்கிப்போட மனமில்லாமல், ஏழாவதையும் ஓர் ஆர்டரோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

மறுநாளும் ஏழு வந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாருக்கோ கடைவாய்ப் பல் இருக்கவேண்டிய இடத்தில் முன்பல்லை வைத்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் அச்சைத் துண்டு துண்டாக வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்று செய்தார். ஆறு வந்தது. அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அந்த ஏழு இருக்கைகளை வாங்கிய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், போன் செய்தார். அடுத்த விமானத்துக்கு அவர் வாங்கியது புது அச்சில் வார்த்தது.

“சார், போன தடவை ஏழு அனுப்பினீங்க. இப்ப ஆறுதான் இருக்கு.”

“விமானத்துல ஆறு பேர்தானே சார்?”

“ஆறு பேரும் உக்காந்துட்டாங்க” என்றார் டிரைவர் தயங்கி. “இன்னொருத்தர் நின்னுக்கிட்டே இருக்காரு. பாக்கப் பாவமா இருக்கு.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அறையின் நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, தள்ளி நின்றாள்.